சாம்பிள், விற்பனைக்கு அல்ல

1

இந்தச் சித்திரையோடு நான் ஊரைவிட்டு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இப்படி ஒரு நாள் வந்தால் வெளிநாட்டுக்காரர்கள் பனியைப் பற்றியும் இட்லி மாவு புளிக்காததைப் பற்றியும் எழுதுவது வழக்கம். எங்கள் வீட்டில் மாவு நன்றாகவே புளிக்கிறது. ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் போதும். நான் எழுத உட்கார்ந்தது ஒரு கறுப்புக் கவுனைப் பற்றியும், அதைப் போட்டுக்கொண்டு ஆட வேண்டியிருந்த என் மகளைப் பற்றியும்.

என் தம்பி கதிர்வேல் பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். நூல் விலையைத் தவிர வேறெதையும் அவன் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். படிக்கிற யாராவது அவனிடம் போய்ச் சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள். மூன்று வருடமாக எனக்கு வராத தைரியம் உங்களுக்காவது இருக்கட்டும்.

எனக்கு நெதர்லாந்தில், ரோட்டர்டாமில் ஒரு சின்ன இறக்குமதிக் கம்பெனியில் வேலை. செவ்வாய்க்கிழமைதோறும் துணிப் பார்சல்கள் வரும். பிரித்து, சாம்பிளை மேஜையில் விரித்து, டேப் வைத்து அளந்து, "தோள் அரை சென்டிமீட்டர் அதிகம், கழுத்து சுருங்குகிறது" என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். திருப்பூரில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்த மாதிரிக் கமெண்டுகளைத் திட்டிக்கொண்டே வாசித்தவள், இப்போது இந்தப் பக்கம் உட்கார்ந்து அதையே எழுதுகிறேன். என்னை யார் திட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை ஒன்றுதான். பெயர் கவின். மூன்று வயதில் விமானத்தில் கூட்டி வந்தபோது பையன். இப்போது இருபத்திரண்டு வயது, மகள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பருப்பு கடைந்துகொண்டிருந்தபோது வந்து சொன்னாள். "பருப்பு ஆறிடும், சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பெயரை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. "கவின்னா ரெண்டுக்கும் பொருந்தும் மா, நல்ல பேராத்தான் வெச்சிருக்க" என்றாள்.

எனக்கும் அவள் அப்பாவுக்கும் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றால் இந்த வீட்டுக்குள் பழகிவிட்டது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கதிர் ஒவ்வொரு வாரமும் போன் செய்து, "மாப்ள எப்படி இருக்கானுங்க்கா?" என்று கவினைப் பற்றிக் கேட்பான். "நல்லாருக்கு" என்பேன். பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது வந்துச்சு, போச்சு, தூங்குது என்று சொல்லிவிட்டுப் போகும் சௌகரியம் எங்கள் பக்கத்துப் பேச்சில் உண்டு. அதற்குள் மூன்று வருடமாக ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

2

திருப்பூரில் நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருந்த காலத்தில் ஃபேஷன் பத்திரிகைகள் எங்களுக்கு முழுதாக வந்ததே இல்லை. கிழிந்த தாள்களாக வரும். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு பக்கத்தைக் கிழித்து, ஓரத்தில் பேனாவால் வட்டம் போட்டு, "இந்த மாதிரி கழுத்து" என்று எழுதி அனுப்புவார். வழவழப்பான தாள். அதில் ஒரு பெண், உலகத்தின் மேலேயே சலிப்பு வந்தவள் போல, ஒரு கையை இடுப்பிலும் இன்னொரு கையைத் தலைக்கு மேலும் வைத்துக்கொண்டு நிற்பாள்.

அளவு வெட்டித் தரும் எங்கள் பேட்டர்ன் மாஸ்டருக்கு அந்தப் பெண்களைக் கண்டாலே ஆகாது. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொருமுவார். "இந்தம்மா கொஞ்சம் நேரா நின்னா என்னங்க? கையத் தூக்கிக்கிட்டா ஆர்ம்ஹோல நான் எங்கீங்க போய்த் தேடறது? இடுப்ப வேற ஒடிச்சு வெச்சிருக்குது. நீளம் எப்புடி எடுக்கறது?"

உண்மைதான். எங்களுக்கு அந்தப் போஸ் ஒரு இடைஞ்சல். அந்தப் பெண்ணை மனதுக்குள் நிமிர்த்தி, கையை இறக்கி, மேஜையில் தட்டையாகப் படுக்கவைத்தால்தான் அளவு கிடைக்கும். ஆறு வருடத்தில் ஆயிரம் தாள் பார்த்திருப்பேன். ஒரு முகம்கூட நினைவில் இல்லை.

இங்கே வந்த பிறகு கம்பெனியில் குழந்தைகள் துணி ஆரம்பித்தார்கள். அளவு பார்க்க மாடல் வைக்க வசதியில்லை. கவினுக்கு அப்போது ஐந்து வயது, அளவெடுத்துச் செய்ததுபோல ஐந்து வயது சைஸ். சாம்பிள்களை வீட்டுக்கு எடுத்து வந்து அவளுக்கு மாட்டிவிடுவேன். "நேரா நில்லு. சைடுல திரும்பு. முதுகு காட்டு. கையத் தூக்கு. குந்து." ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு ஃபேக்டரிக்கு அனுப்புவேன். அளவு பார்க்க முகம் எதற்கு? பிள்ளைக்கு அந்த விளையாட்டு அவ்வளவு பிடிக்கும். நான் சொல்வதற்கு முன்பே அடுத்த போஸுக்குப் போய்விடுவாள், கையைத் தேவைக்கு மேல் வளைத்து, விரலைக்கூடத் திருப்பி. "ஆடாம நில்லு கண்ணு, ஆடினா அளவு தெரியாது" என்று அதட்டுவேன்.

3

அவள் ஆடும் ஆட்டத்துக்கு வோகிங் என்று பெயர். எனக்கு அவள் சொல்லித் தந்ததை அப்படியே சொல்கிறேன். நியூயார்க்கில் பல வருடங்களுக்கு முன்னால், கறுப்பினத்துப் பிள்ளைகளும் லத்தீன் பிள்ளைகளும், ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர்களும், ஆணை விரும்பிய ஆண்களும், வீட்டில் சேர்க்கப்படாத இவர்கள் எல்லாம் ஒரு மண்டபத்தைப் பிடித்து விழா நடத்தினார்கள். அந்த விழாவுக்கு ஆங்கிலத்தில் பால் என்று பெயர். ஃபேஷன் பத்திரிகைகளில் அவர்கள் நிறத்துக்கும் உடம்புக்கும் இடமில்லை. அதனால் பத்திரிகைப் பெண்கள் நிற்கும் போஸ்களை எடுத்துக்கொண்டு, தாளத்துக்கு ஒன்றாக அடுக்கி, ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்தார்கள். அதுதான் ஆட்டமாயிற்று.

எந்தப் போஸைப் பார்த்து எங்கள் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாரோ, அதையே ஆடுகிறார்கள். துணியை மட்டும் பார்க்க வேண்டும் என்று பழகிய கண்ணுக்கு, முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

ஆடுகிறவர்கள் தனித்தனியாக வருவதில்லை, ஹவுஸ் ஹவுஸாக வருகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்மா உண்டு. கவின் அதை அவளுடைய தமிழில் சொன்னாள்: "இது எங்க ஊடு மா. அந்த ஊட்டுக்கு ஒரு அம்மா இருக்காங்க. யாருக்காவது தங்க எடம் இல்லைன்னா அவங்க பாத்துப்பாங்க. அழுதாலும் பாத்துப்பாங்க." அந்த அம்மாவுக்கு முப்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்குச் சுருக்கென்று இருந்தது. பெற்றவள் நான் இருபது நிமிட ரயில் தூரத்தில் குத்துக்கல்லாக இருக்கும்போது இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிட வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். "நீ ஊட்டுக்குள்ள மட்டுந்தானே மா அம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

இந்தத் தடவை பால் விழாவில் ஒரு பிரிவுக்கு, பழைய பத்திரிகைப் பக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலிருக்கும் உடுப்பிலேயே வந்து ஆட வேண்டும். கவின் ஒரு பக்கத்தைக் கொண்டு வந்தாள். கழுத்துவரை மூடிய, உடம்போடு ஒட்டிய நீளமான கறுப்பு கவுன். பின்னல் துணி. பார்த்ததும் விஸ்கோஸ் லைக்ரா என்று சொல்லிவிட்டேன். நான் அப்போது கதிரின் புது யூனிட் பூஜைக்கு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"மாமா கம்பெனில தைச்சு அனுப்பும்மா," என்றாள். "இங்க யாருகிட்ட வேணும்னாலும் தைச்சுக்கலாம். ஆனா மாமாகிட்ட எனக்குன்னு சொல்லித் தைக்கணும். அவர் ஒத்துக்கணும்னு இல்ல. திட்டினாலும் பரவால்ல. யாருக்குத் தைக்கறோம்னு அவருக்குத் தெரிஞ்சா போதும். சொல்லுவியா?"

சொல்கிறேன் என்றேன். அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

4

கோயம்புத்தூரில் இறங்கிய மறுநாள் கதிரின் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை விமானத்திலேயே பல தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். கதிரு, இது நம்ம கவினுக்கு, கவின் இப்ப பொண்ணு. இவ்வளவுதான். பத்திரிகைத் தாளையும் அளவையும் மேஜையில் வைத்தேன்.

சாம்பிள் செக்‌ஷனில் எதைத் தைப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு ஷீட் நிரப்ப வேண்டும். பையர் பெயர், ஸ்டைல் நம்பர், துணி, அளவு, எத்தனை பீஸ், எங்கே அனுப்புவது. ஷீட் இல்லாமல் டெய்லர் கத்தரியைத் தொட மாட்டார். அதைக் கதிர் கறாராக வைத்திருந்தான்.

"என்னுங்க்கா இது, கவுனா?" என்று தாளைத் திருப்பிப் பார்த்தான். "நம்மகிட்ட டி-சர்ட்டும் பெர்முடாவும்தானுங்க ஓடுது. பண்ணிப்போடலாம், அதுக்கென்ன. யாருக்குங்க்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான். "ஆமா, மாப்ள பூஜைக்கு வல்லீங்களா? வந்தா புது மெஷின அவங் கையாலதான் ஓட உடணும்னு நெனச்சிருந்தேன். நமக்கு இருக்கறது ஒரே மாப்ள. அவனுக்கு இல்லாத மொத மரியாத யாருக்குங்க?"

திட்டுவான் என்று நினைத்துத்தான் என்னைத் தயார்செய்திருந்தேன். இப்படி ஆசையாகப் பேசுவான் என்று எதிர்பார்க்கவில்லை. திட்டுகிறவனிடம் சொல்லிவிடலாம். மாப்பிள்ளைக்கு முதல் மரியாதை வைத்திருக்கிறவனிடம் எப்படிச் சொல்வது?

"பையருக்கு," என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "புது ஆளுங்களா?"

"ஆமா. ஒரே ஒரு பீஸ் போதும்னாங்க. புடிச்சாப் பாக்கலாம்னு சொல்லிருக்காங்க."

"அட, இத மொதல்லயே சொல்றதில்லீங்களா!" என்று ஷீட்டை என் பக்கம் தள்ளினான். நான்தான் எழுதினேன். பையர் என்ற கட்டத்தில் வாய்க்கு வந்த ஒரு கம்பெனிப் பெயர். அனுப்பும் முகவரியில் கவினின் ரோட்டர்டாம் ஃப்ளாட். கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் வேறொரு வேலையாக மாநகராட்சி அலுவலகம் போனேன். நெதர்லாந்தில் கவினின் காகிதங்களைப் பெண் என்று மாற்ற, பிறப்புச் சான்றிதழின் புது நகல் கேட்டிருந்தார்கள். ஜன்னலில் இருந்த அம்மா சான்றிதழைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பையனுக்குக் கல்யாணங்களா?"

"ஆமாங்க," என்றேன்.

"பொண்ணு அங்கியா, நம்ம பக்கமா?"

"தாராபுரம் பக்கமுங்க." எதற்கு அந்தத் தாராபுரம் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு பொய்க்கு உட்கார இடம் கொடுத்தால் அது சொந்த பந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறது. வெளியே வந்து கரும்புச் சாறு கடையில் நின்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிவிட்டு கதிரிடம் போய்ச் சொன்னேனா என்றால், இல்லை.

5

கவுனைத் தைத்தது எஸ்தர். சாத்தான்குளம் பக்கத்துக்காரி. கல்யாணமான வருடமே புருஷனோடு திருப்பூருக்கு வந்து, தையல் மெஷினில் உட்கார்ந்தே மகளை நர்ஸிங் படிக்க வைத்தவள். கதிரின் சாம்பிள் செக்‌ஷனில் அவள் கைதான் சுத்தம் என்பார்கள்.

தாளையும் அளவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "யக்கா, படத்துல உள்ளவ கையத் தூக்கிட்டு நிக்கா. அளவு கையத் தொங்கப்போட்டு எடுத்தது. நான் நிக்கதுக்குத் தைக்கவா, தூக்கதுக்குத் தைக்கவா?"

இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. மேஜையில் தட்டையாக விரித்து அளந்தே பழகியவள் நான். இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு கவின் நிற்கப் போவதே இல்லை.

போனை எடுத்து, கவின் போன வருடம் ஆடிய வீடியோவைக் காட்டினேன். சின்னத் திரையில் அவள் நடந்து வருகிறாள். கைகள் முகத்தைச் சுற்றிப் படம் வரைவதுபோல ஓடுகின்றன. குந்திய வாக்கிலேயே குதித்துக் குதித்து முன்னால் வருகிறாள். எழுந்து ஒரு சுற்று. தாளம் விழும் நேரத்தில் ஒரு காலை மடக்கி மல்லாக்கத் தரையில் விழுகிறாள். கூட்டம் கத்துகிறது.

"ஏ ஏசுவே, இடுப்பு போயிரும்லா!" என்று எஸ்தர் மெஷினை நிறுத்திவிட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவை தானே போனை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"துணி கெடக்கட்டும் யக்கா, அந்த மொகத்தப் பாருங்க. என்ன தெளிவா இருக்கு. யாரு பெத்த பிள்ளையோ. பெத்தவளுக்கு வயிறு குளுந்திருக்கும்லா."

சுற்றிலும் மெஷின் சத்தம். பக்கத்தில் ஒரு பிகார்ப் பையன் நூல் கண்டு மாற்றிக்கொண்டிருந்தான், அவனுக்குத் தமிழ் தெரியாது. எஸ்தரிடம் சொல்லியிருக்கலாம். கதிரிடம் சொல்வதைவிட ஆயிரம் மடங்கு சுலபம். அவள் கேட்டதே கேள்வி இல்லை, பாராட்டு. நான் பெத்த பிள்ளை எஸ்தர் என்று சொன்னால் போதும்.

"அங்க ஒரு மாடல்," என்றேன்.

அக்குளில் கட்டம் போலச் சாய்வாக ஒரு துண்டு வைத்துத் தைத்தாள், கையை எவ்வளவு தூக்கினாலும் கவுன் மேலே ஏறாமல் இருக்க. ஷீட்டில் அதற்குக் கட்டமே இல்லை. அவளாக யோசித்துச் செய்தது. முடித்து டம்மி பொம்மையில் மாட்டி, டம்மிக்குக் கை இல்லாததால் தன் கையையே உள்ளே விட்டுத் தூக்கிக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கியது. "புடிச்சிருக்கா யக்கா?" என்றாள். பையருக்குப் பிடிக்கும் என்றேன்.

பால் விழா சனிக்கிழமை. என் டிக்கெட் அதற்கு அடுத்த வாரம். அதனால் கவுன் கூரியரில்தான் போக வேண்டும். மடித்து, அனுப்பும் பிரிவில் கொடுத்துவிட்டு, பூஜை வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

6

வியாழக்கிழமை மத்தியானம் புது யூனிட்டில் மெஷின்களுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். கவின் வீடியோவில் கூப்பிட்டாள். சந்தன விரலோடு எடுத்தேன். அவள் முகம் தெரியவில்லை, கறுப்புத் துணிதான் திரை முழுக்கத் தெரிந்தது.

பின்கழுத்துக்குக் கீழே, முதுகின் நடுவில், நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கத்தரி வெட்டு. அதற்கு மேலே வெள்ளை மையில் முத்திரை: சாம்பிள், விற்பனைக்கு அல்ல.

பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. வெளிநாட்டுக்குப் போகும் சாம்பிளை இப்படி வெட்டியோ முத்திரை குத்தியோதான் அனுப்புவார்கள். விற்க முடியாத துணி என்று தெரிந்தால் கஸ்டம்ஸில் வரி இல்லாமல் விடுவார்கள். அனுப்பும் பிரிவுக்காரர்கள் ஷீட்டைப் பார்த்திருக்கிறார்கள், பையர் என்று இருந்திருக்கிறது, தினமும் செய்வதைச் செய்திருக்கிறார்கள். யார் மேலும் தப்பு இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் இதே வெட்டோடு வரும் துணிகளைப் பிரிக்கிறவள் நான். என் பிள்ளையின் உடுப்பு என்று மனதுக்குள் வைத்துக்கொண்டே இருந்ததில், அது உலகத்துக்கு வெறும் சாம்பிள் என்பதை மறந்துவிட்டேன்.

"அம்மா, இது மாமா பண்ணினதா?" குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது. "எனக்குன்னு சொன்னதும் வெட்டிட்டாரா?"

பத்தடி தள்ளி கதிர் ஏணியில் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு நொடி, ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. மறைக்காமல் எழுதுகிறேன், தோன்றியது. அவன் காலம் பூராவும் அதை அறியப் போவதில்லை. நான் தப்பித்துவிடலாம்.

"மாமாவுக்குத் தெரியாது கண்ணு. நான் சொல்லல."

"அப்ப ஷீட்டுல என்ன எழுதின?" சின்ன வயதிலிருந்து என் மேஜையில் ஷீட்டுகளைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

"பையருக்குன்னு எழுதினேன்."

திரையிலிருந்து துணியை விலக்கினாள். பிறகு, "சரி மா. அப்ப அவங்க கரெக்டாத்தான் பண்ணிருக்காங்க," என்றாள்.

அதற்குள் கதிர் ஏணியில் இருந்தபடியே கூப்பிட்டான். "யாருங்க்கா போன்ல? மாப்ளயா? குடுங்க, நான் ரெண்டு வார்த்த பேசறேன்!"

அது அவளுக்குக் கேட்டது. "வேண்டாம் மா," என்று வைத்துவிட்டாள். நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். மீதி மெஷின்களுக்கு யார் வைத்தார்கள் என்று நினைவில்லை.

7

பால் விழாவுக்கு அவள் அப்பா போயிருந்தார். வாசல் பக்கம் ஒரு தூணில் சாய்ந்து நின்று எடுத்த வீடியோ ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. கை ஆடுகிறது, முக்கால்வாசி நேரம் யாரோ ஒருவருடைய தொப்பிதான் தெரிகிறது.

அந்தக் கவுனைத்தான் போட்டிருந்தாள். கையைத் தூக்கினாள், தூக்கிக்கொண்டே இருந்தாள், ஓரம் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. எஸ்தரின் துண்டு அப்படி உட்கார்ந்திருந்தது. திரும்பியபோது முதுகைப் பார்த்தேன். வெட்டைக் கைத்தையல் போட்டு மூடியிருந்தார்கள். அவளுடைய ஹவுஸ் அம்மா, மண்டபத்துக் கழிப்பறையில் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தைத்ததாக இவர் சொன்னார். பின்னல் துணியில் கைத்தையலை இழுத்துப் போட்டால் சுருங்கும். சுருங்கித்தான் இருந்தது. ஆனால் தைத்தது அவள். வெட்டு என்னுடையது.

இரண்டாவது சுற்றில் கவின் வெளியேறினாள். ஆட்டத்தில் எதிராளி நன்றாக ஆடியதாகச் சொன்னார்கள். முதுகுத் தையலுக்கும் தோல்விக்கும் சம்பந்தமில்லை என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

திரும்பி வந்ததும் கோழி வறுவல், கச்சாயம் எல்லாம் கட்டிக்கொண்டு அவள் ஃப்ளாட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து டப்பாக்களை வாங்கிக்கொண்டாள். டீ போட்டாள். வேலை எப்படி, குளிர் விட்டதா என்று பேசினோம். பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன், தேங்க்ஸ் என்றாள்.

"அந்தக் கவுனைக் குடு கண்ணு. பிரிச்சுட்டு, உள்ள துணி வெச்சு வெட்டே தெரியாம தைச்சுத் தர்றேன்."

"பரவால்ல மா. அது இப்படியே இருக்கட்டும்."

கோபம் இருந்தால் சமாதானம் செய்யலாம். கத்தினால் நானும் அழுது காலில் விழுந்துவிடலாம். அவளிடம் கோபம் இல்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு தடவை நான் ஊருக்குப் பேசிய பிறகும், "சொல்லிட்டியா?" என்று கேட்பாள். நான் மழுப்புவேன், அவள் முறைப்பாள். இப்போது கேட்பதில்லை. என்னிடமிருந்து ஒன்றை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இந்த ஊரில் நாம் அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

8

நேற்று சாயங்காலம் கதிர் போன் செய்தான். நானும் இவரும் சமையலறையில் இருந்தோம். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"ஏனுங்க்கா, அந்தக் கறுப்புக் கவுனு என்னாச்சுங்க? பையர்கிட்ட இருந்து ஒரு கமெண்ட்டும் வல்லீங்களே. எஸ்தரு தெனமும் கேக்குது. கைக்கடியில துண்டு வெச்சது அவங்களுக்குப் புடிச்சுதான்னு கேட்டுச் சொல்லோணுமாம்."

இவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சொல் என்று கண்ணாலேயே சொன்னார். எனக்கும் தெரியும், இதைவிட நல்ல நேரம் வராது. தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல அவனே கேட்கிறான்.

"கதிரு," என்றேன்.

"சொல்லுங்க்கா."

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. இவர் போய் அணைத்தார்.

"சொல்லுங்க்கா, கேக்குது."

"ரிஜெக்ட் ஆயிருச்சு கதிரு," என்றேன். சொன்ன வாயோடு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை.

அவன் பதறிவிட்டான். "அக்கா? அழுகறீங்களா? அட, என்னுங்க்கா நீங்க! ஒரு சாம்பிளுதானுங்க, போனாப் போகுது. அவங்க யாரோ, எவரோ. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்காகப் போயி யாராச்சும் இப்புடி அழுவாங்களா?"